மீசை வைத்த ஏழு வயது

எங்கள் வீடு ஒரு குழந்தை வளரப் பாதுகாப்பானதா என்று பார்க்க வந்த ஆய்வாளர் அம்மாவை நான் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. குழந்தையின் கைபடும் இடங்களில் எல்லாம் பாதுகாப்புத் தாழ்ப்பாள் போட வேண்டும் என்று துறை கொடுத்த கையேட்டில் இருந்தது. சமையலறை அலமாரி, மருந்துப் பெட்டி, செருப்பு அலமாரி, ஃபிரிட்ஜ் என்று ஒன்று விடாமல் போட்டேன். கடைசியில் ஒரு தாழ்ப்பாள் மிச்சமானது. வாங்கியது வீணாகக் கூடாது என்று குளியலறைக் கதவிலும் மாட்டினேன். வெளிப்பக்கமாக. கதவைச் சாத்தினால் தானாக விழுந்துகொள்ளும் வகை. திறப்பதற்கு இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்த வேண்டும். நான் அழுத்திய வேகத்தில் ஒரு பொத்தான் உடைந்து கையோடு வந்துவிட்டது.

இதில் கூடுதல் அழகு, நான் லிஃப்ட் மெக்கானிக். உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில்.

தொழில் பழக்கத்தில் வாய் தானாகப் பேசியது. "பதறாதீங்க மேடம். உள்ள காத்து வரும். எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான் இருக்கேன்!" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"கதவுல சாயாதீங்க. கண்டபடி பொத்தானை அழுத்தாதீங்க."

"இங்க ஏதுங்க பொத்தான்? ஃபிளஷ்தான் இருக்கு."

ஆய்வாளர் அம்மா கடமை தவறாதவர். மாட்டிக்கொண்ட இடத்திலிருந்தே ஆய்வைத் தொடர்ந்தார். "தரை வழுக்கலை, சரி. வெந்நீர்க் குழாய் எட்டாத உயரத்துல இருக்கு, சரி. குழந்தை உள்ள மாட்டிக்கிட்டா என்ன நடவடிக்கை எடுப்பீங்க?"

"கதவையே கழற்றிடுவேன் மேடம்."

"அப்ப கழற்றுங்க."

"ஸ்க்ரூ டிரைவர் அலமாரியில இருக்கு."

"எடுங்க."

"அதுலயும் தாழ்ப்பாள் போட்டிருக்கேன் மேடம்."

அந்த நேரத்தில் என் மனைவி வேலை முடிந்து வந்துசேர்ந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். விஷயத்தைக் கேட்டாள். கரண்டிக் காம்பை விட்டு அலமாரியை ஒரே நெம்பு நெம்பினாள். "என்னங்க, ஆய்வுக்கு வந்தவங்களை ஆயுள் கைதி ஆக்கிடுவீங்க போலிருக்கே!" என்றாள். கதவு கழன்றது. வெளியே வந்த ஆய்வாளர் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: "வீடு மிகுந்த பாதுகாப்புடையது. ஆய்வாளரால்கூட வெளியேற இயலவில்லை."

"இது நமக்குச் சாதகமா பாதகமா மேடம்?"

"அதை மேல முடிவு பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எங்கள் வீட்டில் இன்னொரு கதவுக்குப் பின்னால் போக அவருக்குத் துணிச்சல் இல்லை.

இவ்வளவுக்கும் காரணம் 'முன்சீட்டு'. அது நாங்கள் வைத்த பெயர். ஊர்க் காப்பகத்தில் வளரும் ஏழு வயதுப் பெண். அப்பா அம்மா இல்லை. பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள் என்று ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் வாயை மூடவில்லை. "அந்தச் சைக்கிள்காரர் குறுக்கே வந்தாரே, ஏன் திட்டலை?" "இன்னிக்கு ஏன் கியர் மாத்தும்போது சத்தம் வந்துச்சு? சாப்பிடலையா?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். என் மனைவி சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் அப்படியே எனக்கு ஒப்பிப்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. முன்சீட்டுக்குக் காய்ச்சல் என்றால் நான் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஒருநாள் என் மனைவி, "பேசாம அவளை நாமளே வளர்த்தா என்ன?" என்றாள். நானும், "ஆமா, கேட்டுப் பார்த்தா கொடுத்துடப் போறாங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன அசட்டு வாக்கியங்கள் ஏராளம். இதற்கு அதில் முதலிடம்.

காப்பகத்துக் குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்க வளர்ப்புப் பெற்றோர் உரிமம் வேண்டும். உரிமம் வரும்வரை விண்ணப்பதாரர் குழந்தையைச் சந்திக்கக் கூடாது. என் மனைவி சந்திக்கலாமா என்று கேட்டதற்கு, அவர் ஓட்டுநர் என்பதால் பின்னால் திரும்பாதவரை ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்தது. ஆகவே நான் முன்சீட்டைப் பார்த்தது ஒரே தடவை. தெருமுனையில் நின்று, பஸ் ஜன்னலில், தலையின் மேல்பாதியை. வகிடு கோணலாக இருந்தது.

அவசரமும் இருந்தது. பள்ளி ஆண்டு முடிந்ததும் காப்பகத்தைக் காலி செய்யப்போகிறார்கள். குழந்தை நலத் துறை வளர்ந்துவிட்டதால் அதிகாரிகளுக்கு அறை போதவில்லையாம். அந்தக் கட்டடத்தைத் துறை எடுத்துக்கொண்டு, குழந்தைகளை வேறு ஊர்க் காப்பகத்துக்கு அனுப்புகிறது. அதற்குள் உரிமம் வந்தால் முன்சீட்டு எங்களுக்கு. வராவிட்டால் அவள் வேறு ஊருக்கு.

துறை இயக்குநர் எங்களை நேர்காணலுக்கு அழைத்தார். அவர் மேஜை மிகப் பெரியது. அந்தக் கரையில் அவர் இருந்தார். முதலில் என் மனைவியைக் கேட்டார்.

"குழந்தைகளோட பழகின அனுபவம் ஏதாவது?"

"தினமும் ஒரு பஸ் நிறைய ஏத்தி இறக்குறேன் சார்."

"அவங்க பயணிகள். நான் குழந்தைகளைப் பத்திக் கேட்கிறேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு குழந்தைப் படம் சிரித்தது. சட்டம் போட்டு, ஆணி அடித்து, எட்டாத உயரத்தில் இருந்தது.

இயக்குநர் எழுந்து நின்றுகொண்டார். எதிரில் இரண்டே பேர் இருந்தாலும் அவர் நின்றுதான் பேசுவார் என்று பிறகு தெரிந்தது. "எங்க துறை ஆரம்பிச்ச நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும், எந்த வளர்ப்புப் பெற்றோர் மேலயும் ஒரு புகார் வந்தது கிடையாது. எந்தக் குழந்தையும் 'அந்த வீடு எனக்குப் பிடிக்கலை'ன்னு திரும்பி வந்தது கிடையாது. வேற எந்தத் துறையாவது இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியுமா?"

எனக்கு மெய்சிலிர்த்தது. "இதுவரைக்கும் எத்தனை பேருக்கு சார் உரிமம் கொடுத்திருக்கீங்க?"

"இன்னும் யாருக்கும் கொடுக்கலை. கொடுத்துட்டு இந்தப் பேரைக் காப்பாத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க."

"எங்களுக்கு எப்ப சார் கிடைக்கும்?" என்றேன்.

"நீங்க நல்ல கேள்வி கேட்கிறீங்க" என்று பாராட்டி, எங்களைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவைத்தார்.

பயிற்சியின் முதல் பாடம் 'குழந்தை: ஓர் அறிமுகம்'. பயிற்சியாளர் திரையில் படம் போட்டு, இது தலை, இது கை, இது கால், சில சமயம் இவை ஒரே நேரத்தில் இயங்கும் என்று விளக்கினார். இரண்டாம் பாடம் அணைத்தல். அணைப்பதற்கு முன் வாய்மொழி முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அணைப்பு பக்கவாட்டில் இருக்க வேண்டும். தட்டிக்கொடுப்பது தோள்பட்டைக்குக் கீழும் முழங்கைக்கு மேலும் அமைய வேண்டும். நானும் என் மனைவியும் எழுந்து நின்று செய்துகாட்டினோம். "உன்னை அணைக்கப்போகிறேன்" என்று நான் அறிவித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்து, என் சட்டையில் முகத்தைப் புதைத்துவிட்டாள். நேர்முக அணைப்பு. எங்கள் இருவருக்கும் மதிப்பெண் போனது.

என் பெஞ்சில் ஒரு பெரியவர். வகுப்பின் எல்லாப் பதில்களும் அவருக்கு மனப்பாடம்.

"எத்தனாவது தடவைங்க ஐயா?"

"எண்றதை விட்டுட்டேன் தம்பி. நான் கேட்ட பையன் போன மாசம் வீட்டுக்கு வந்து கல்யாணப் பத்திரிகை வச்சிட்டுப் போனான்."

"அப்புறம் ஏன் இன்னும் வர்றீங்க?"

"விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கிறதுக்கும் இந்தப் பயிற்சி முடிச்சிருக்கணுமாம்."

"வீட்ல அம்மா வரலையா?"

"அவளும் வர்றா. கோவிச்சுக்கிட்டு தனியா விண்ணப்பம் போட்டுட்டா. பக்கத்து வகுப்பு."

எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வி. குழந்தை 'ஏன்?' என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? நான் 'பதில் சொல்வேன்' என்பதில் கோடு போட்டேன். தப்பு. சரியான விடை: 'கேள்வியைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, உரிய காலத்தில் பதிலளிப்பேன்.' அன்று சாயங்காலம் என் மனைவியிடம், "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டேன். "உங்க கேள்வி கிடைச்சுது" என்றாள்.

எப்படியோ தேறினோம். மிச்சமிருந்தது 'மெய்ம்மைச் சோதனை'. அது என்னவென்று ஆய்வாளர் அம்மா வாசலுக்கு வெளியே நின்றபடியே விளக்கினார். "சோதிக்காத வீட்டுக்கு நிஜக் குழந்தையை அனுப்ப முடியாது. குழந்தை இல்லாம வீட்டைச் சோதிக்கவும் முடியாது. அதனால துறையோட மாதிரிக் குழந்தையைக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஒரு வாரம் வளர்த்துக் காட்டுங்க."

அவருக்குப் பின்னாலிருந்து மாதிரிக் குழந்தை முன்னால் வந்தது.

ஐம்பத்தாறு வயது இருக்கும். உருட்டு மீசை, மூக்குக் கண்ணாடி, அரைக்கால் சட்டை, கழுத்தில் தண்ணீர் பாட்டில். பையிலிருந்து ஓர் உத்தரவை எடுத்து, பணியில் சேர்ந்ததாக ஆய்வாளர் அம்மாவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, பசிக்குது" என்றார்.

அவர் என்னைவிடப் பெரியவர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உட்காருங்க சார்" என்றேன். ஆய்வாளர் அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். என் மனைவிதான் சுதாரித்தாள். "உள்ள வாடா கண்ணு. செருப்பைக் கழற்றி ஓரமா வை" என்றாள். அவர் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் மீசைக்கண்ணு.

குறை சொல்லக் கூடாது, வேலையில் கெட்டி. காய் வேண்டாம் என்பார். பால் கொட்டுவார். சுவரில் கிறுக்குவார். கிறுக்குவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். வானம் ஏன் நீலம், மாடி ஏன் மேலே இருக்கிறது, லிஃப்டுக்குத் தூக்கம் வருமா என்று கேட்டுக்கொண்டே பின்னால் வருவார். நான் உரிய காலத்தில் பதிலளிப்பதாகச் சொல்வேன்.

மதியம் ஒரு மணிக்கு மட்டும் அவருக்கு இடைவேளை. முதல் நாள் பொம்மைக் காருக்காக விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தவர், கடிகாரத்தைப் பார்த்தார். மூக்கைத் துடைத்தார். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "உட்காருங்க தம்பி. டீ கிடைக்குமா?"

டீ கொடுத்தேன். "இந்த வேலைக்கு எப்படி சார் வந்தீங்க?"

"கைக்குழந்தையா சேர்ந்தேன். அப்ப எனக்கு நல்லா முடி இருந்துச்சு. நாலு வருஷம் தவழ்ந்தேன். முட்டி போயிடுச்சு. அப்புறம்தான் நடக்கிறதுக்கு ஆர்டர் வந்தது. ஏழு வயசுக்கு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. இங்கேயே நிக்கிறேன்."

"பத்து வயசு எப்ப சார்?"

"காலியிடம் இல்லையே! தலைமை அலுவலகத்துல ஒருத்தர் பத்து வயசுல உட்கார்ந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குறார். விடலைப் பருவத்துக்குத் துறைத் தேர்வு வேற. கதவை அறைஞ்சு சாத்துற செய்முறையில எல்லாரும் அடிவாங்குறாங்க."

நல்ல மனிதராக இருக்கிறாரே என்று மெல்லக் கேட்டேன். "சார், எங்களுக்கு உரிமம் கிடைச்சிடுமா?"

"இடைவேளையில அலுவல் விஷயம் பேசக் கூடாது தம்பி."

இடைவேளை முடியும்வரை காத்திருந்து மறுபடி கேட்டேன். "எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் சின்னப் பையன்" என்றார்.

சோதனையில் கஷ்டமான பகுதி, பொது இடத்தில் அடம். பெரிய கடை ஒன்றின் நடுவில் மிட்டாய் வேண்டும் என்று மீசைக்கண்ணு தரையில் படுத்துக் கையைக் காலை உதறினார். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். "நகருங்க, காத்து வரட்டும்!" என்று ஒருவர் கத்தினார்.

"ஒண்ணுமில்லைங்க. என் பையன்தான். மிட்டாய் கேட்கிறான்" என்றேன்.

கூட்டம் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. ஓர் அம்மா மட்டும் வாய்விட்டுச் சொன்னார். "வயசான மனுஷனுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுக்க வக்கில்லை. நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

பக்கத்து வரிசையில் சோப்பு எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி வந்தாள். குனியவில்லை, கெஞ்சவில்லை. பஸ்ஸில் பின்சீட்டுக்குக் கேட்கும் குரலில், "மீசைக்கண்ணு! வண்டி கிளம்புது" என்றாள். அவர் சட்டென்று எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். போகிற போக்கில் என் காதில், "இருபது வருஷ சர்வீஸ்ல யாரும் என்னை எழுப்பினது இல்லை" என்றார்.

அதன்பிறகு ஏதோ மாறியது. ரொட்டியின் ஓரத்தை வெட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். அது சோதனை அட்டவணையில் இல்லை. சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினார். அதுவும் இல்லை. ஒருநாள் ஒரு மணி அடித்தது. நான் டீ போட்டு எடுத்து வந்தேன். அவர் தரையில் படுத்து ஒரு வீட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். "சார், இடைவேளை" என்றேன். காதில் விழாத மாதிரி இருந்தார். டீயை நானே குடித்தேன்.

வாரம் முடிந்து ஆய்வாளர் அம்மா அழைத்துப்போக வந்தார். மீசைக்கண்ணு மேஜைக்காலைக் கட்டிக்கொண்டு, "போக மாட்டேன்" என்றார்.

"இது நடிப்பா, நிஜமா மேடம்?" என்றேன்.

ஆய்வாளர் அம்மா கையேட்டைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார். இயக்குநருக்கு ஃபோன் போட்டார்.

மறுநாள் இயக்குநரே மாலையோடு வந்தார். புகைப்படக்காரரும் வந்தார். எங்கள் கூடத்தில் எழுந்து நின்று பேசினார். "குழந்தை போக மாட்டேங்குது! இதைவிட வேற என்ன சான்று வேணும்? எங்க துறை வரலாற்றுல முதல் உரிமம். இந்தாங்க, பிடிங்க!" என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் உரிமத்தை வாங்கி, "அப்ப முன்சீட்டை எப்ப சார் கூட்டிட்டு வரலாம்?" என்றேன்.

"எந்தக் குழந்தை?"

"நாங்க கேட்ட குழந்தை சார். ஏழு வயசுப் பொண்ணு."

"உங்க உரிமம் ஒரு குழந்தைக்குத்தான். ஏழு வயசு. அதுதான் வந்துடுச்சே" என்று மேஜைக்கு அடியில் காட்டினார். மீசைக்கண்ணு கையசைத்தார்.

"அவர் உங்க ஆபீசர் சார்!"

"அதனாலதான் எனக்கு நிம்மதி. வெளிக் குழந்தைன்னா நாளைக்கு ஏதாவது சொல்லிடும். இவர் துறைக்கு எதிரா புகார் கொடுக்க மாட்டார். நன்னடத்தை விதி இருக்கு."

"அப்ப எங்களுக்கு அடுத்த குழந்தை?"

"பதினெட்டு வயசானதும் குழந்தை தானா வெளியேறும். அப்ப காலியிடம் வரும்."

"அவருக்கு அம்பத்தாறு சார்!"

"அது வயசு. பதவியில ஏழுதான்."

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம். இயக்குநருக்கு அது தெரியாததால் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்.

பள்ளி ஆண்டு முடிந்தது. காப்பகக் குழந்தைகளை அடுத்த ஊருக்கு அனுப்பும் நாளன்று காலை அவள் ஃபோனில் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது. "என்னங்க, குழந்தைங்களைக் கொண்டுபோக என் பஸ்ஸைத்தான் பிடிச்சிருக்காங்க. முன்சீட்டு ஏறி உட்கார்ந்துட்டா. நான் வண்டியை எடுக்கப்போறதில்லை. நீங்க கிளம்பி வாங்க."

கிளம்பினேன். ஏழு வயதுக் குழந்தையை வீட்டில் தனியாக விட்டுப் போகக் கூடாது என்பது உரிமத்தின் முதல் நிபந்தனை. மீசைக்கண்ணுவையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன்.

காப்பக வாசலில் தூறல். பஸ் நின்றது. ஓட்டுநர் சீட்டில் என் மனைவி, மடியில் சாவி. கீழே இயக்குநர் ஒரு கோப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஆய்வாளர் அம்மா.

"வண்டியை எடும்மா!"

"உங்க கோரிக்கை கிடைச்சுது சார். பரிசீலனையில இருக்கு."

"என்ன பரிசீலனை? சாவியைத் திருப்பினா போகுது!"

"அப்படி அவசரப்பட்டுத் திருப்பிட முடியுமா சார்? இந்த பஸ் மேல இதுவரைக்கும் ஒரு புகார் வந்தது கிடையாது."

"எப்பதான் எடுப்பே?"

"நீங்க நல்ல கேள்வி கேட்கிறீங்க."

இயக்குநர் கோப்பு நனைந்து தலையில் ஒட்டிக்கொண்டது. "இதை யார்தான் முடிவு பண்றது?"

"மேல சார்."

"மேலன்னா யாரு?"

"அதைத்தான் சார் நாங்களும் விண்ணப்பம் போட்ட நாள்லேருந்து தேடிக்கிட்டிருக்கோம்."

இயக்குநர் திரும்பி என்னைப் பார்த்தார். "உரிமம் வச்சிருக்கிறவர் பண்ற வேலையா இது? மழையில குழந்தையை நிக்க வச்சிருக்கீங்க!"

நான் வாய் திறப்பதற்குள் என் கையில் இருந்த கை நழுவியது. மீசைக்கண்ணு இரண்டடி முன்னால் போனார். ஒரு மணி ஆகவில்லை. ஆனாலும் ஆபீசர் குரலில் பேசினார். "இன்னிக்கு இந்த வண்டியில ஏழு வயசு எத்தனை போகணும்?"

ஆய்வாளர் அம்மா உத்தரவைப் பார்த்தார். "ஒண்ணு."

"பேர் போட்டிருக்கா?"

"பேர் போடுற வழக்கமில்லை. ரகசியம் காக்கணும்."

"இவங்க வீட்ல ஏழு வயசு எத்தனை இருக்கணும்?"

"ஒண்ணு."

"எதுன்னு போட்டிருக்கா?"

"இல்லை."

இயக்குநரின் முகத்தில் மழையையும் மீறி ஒரு வெளிச்சம் வந்தது. "ஏழு வயசு ஒண்ணு போகுது, ஒண்ணு இருக்குது. கணக்கு உதைக்கலையே?"

"உதைக்கலை சார்" என்றார் ஆய்வாளர் அம்மா. முதல்முறையாக என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"யாராவது புகார் கொடுப்பீங்களா?" என்று இயக்குநர் எல்லாரையும் கேட்டார். யாரும் கொடுப்பதாக இல்லை. "அப்ப எனக்கு ஆட்சேபணை இல்லை. சீக்கிரம் எடுங்க, கோப்பு நனையுது."

மீசைக்கண்ணு என் பக்கம் திரும்பினார். "அந்த ஊர்ல பத்து வயசு காலியாகுதாம்ப்பா. எனக்குத்தான் கிடைக்கும்னு பேசிக்கிறாங்க." பொய். பொய் சொல்லும்போது அவருக்கு மீசையின் இடது ஓரம் துடிக்கும். ஒரு அப்பாவுக்கு இதுகூடத் தெரியாதா?

"உங்களை அணைக்கப்போகிறேன்" என்று முன்னறிவிப்புக் கொடுத்தேன். பக்கவாட்டில் எல்லாம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

அவர் ஏறினார். என் மனைவி, "கண்ணு, லீவு விட்டா நேரா வீட்டுக்கு வந்துடணும், சரியா?" என்றாள். பிறகு விதியை மீறிப் பின்னால் திரும்பினாள். "நீ இறங்குடா தங்கம். சாயங்காலம் வந்துடுவேன். அதுவரைக்கும் இந்த மாமாகூட இரு." முதல் சீட்டு காலியானது. மீசைக்கண்ணு அதில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். சாவி திரும்பியது. ஜன்னல்களில் அழுத்திய மூக்குகளோடு பஸ் வளைவில் மறைந்தது. அவற்றில் ஒன்றின் கீழ் மீசை இருந்தது.

இயக்குநர் காருக்கு ஓடிவிட்டார். வாசலில் நானும் முன்சீட்டும் நின்றோம். பக்கத்திலிருந்து பார்க்கும்போதும் வகிடு கோணலாகத்தான் இருந்தது. ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையால் கண்ணில் விழுந்த மழையைத் துடைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெந்நீர்க் குழாயின் உயரத்தைப் பார்த்தார்கள். தரை வழுக்குகிறதா என்று பார்த்தார்கள். இவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் உட்பட.

"எங்க வீட்டுக்கு வர்றியாம்மா?" என்றேன்.

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "வராட்டி?"

கேள்வி கிடைத்தது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "வராட்டி இப்பவே ஒரு ஆட்டோ பிடிச்சு பஸ்ஸை நிறுத்தி உன்னை ஏத்திவிடுவேன்."

"உங்களுக்குக் குழந்தை வளர்க்கத் தெரியுமா?"

"உரிமம் இருக்கு."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியாது. ஒரு ஆளைத்தான் கொஞ்ச நாள் வளர்த்திருக்கேன்."

"அந்த மீசைத் தாத்தாவையா?"

"ஆமா."

யோசித்தாள். "நல்லாத்தான் வளர்ந்திருக்காரு."

அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் இத்தனை மாதமாக எந்த அறையிலும் எந்த மேஜையிலும் எனக்கு ஒரு பதில் கிடைத்ததில்லை. "என்னைப் பிடிச்சிருக்கா?"

"டிரைவர் அக்காவைப் பிடிக்கும்" என்றாள் முன்சீட்டு. "உங்களை எனக்கு இன்னும் தெரியாது. ஆனா வர்றேன்."